“அண்ணே, கோட் வந்துச்சா?” – வியாபாரக் கணக்குகளைப் பூட்டி வைப்பது எப்படி?

சனிக்கிழமை காலை. கடையில் கூட்டம். உங்கள் கைத்தொலைபேசிக்கு 6 இலக்க எண் ஒன்று குறுஞ்செய்தியாக வருகிறது. அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. அனுப்புவது உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர், வழக்கமாகச் சரக்கு கொடுக்கும் மொத்த வியாபாரி.

“அண்ணே, என்னோட கோட் தவறுதலா உங்க நம்பருக்கு வந்துடுச்சு. கொஞ்சம் அனுப்புங்களேன்.”

ஒரு கையில் பில், இன்னொரு கையில் தொலைபேசி. யோசிக்க நேரமில்லை. அனுப்பிவிடுகிறீர்கள்.

அரை மணி நேரத்தில் உங்கள் வாட்ஸ்அப் கணக்கு உங்களிடம் இல்லை. உங்கள் பெயரில், உங்கள் கடைச் சின்னத்தோடு, வேறு ஒருவர் உங்கள் வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறார்: “கடையோட பேநவ் நம்பர் மாறிடுச்சு. இனி இந்த நம்பருக்கு அனுப்புங்க.” அந்த மொத்த வியாபாரியும் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அவருடைய கணக்கு அன்று காலையிலேயே பறிபோயிருந்தது.

இது விளக்கத்துக்காக எழுதிய காட்சி. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு படியும் மோசடிக்காரர்களின் வழக்கமான வேலைதான். சிங்கப்பூரில் 2024ஆம் ஆண்டு மட்டும் மோசடிகளில் மக்கள் இழந்த தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி.

கணக்குதான் கடை

வீவக வீட்டில் முறுக்கும் லட்டும் செய்து விற்பவருக்குக் கடை எங்கே இருக்கிறது? இன்ஸ்டகிராமில். படங்கள், விலைப்பட்டியல், வாடிக்கையாளர்களின் பாராட்டு, போன தீபாவளிக்கு யார் எத்தனை பெட்டி வாங்கினார்கள் என்ற விவரம், எல்லாம் அங்கேதான். ரவிக்கை தைப்பவர், மருதாணி போடுபவர், துணைப்பாட ஆசிரியர் ஆகியோருக்கு வாட்ஸ்அப்தான் கல்லாப்பெட்டி. தேக்காவில் கதவும் பெயர்ப்பலகையும் உள்ள உண்மையான கடை வைத்திருப்பவருக்கும் உணவு விநியோகச் செயலி, கூகல் வரைபடத்தில் உள்ள கடைப் பக்கம், ஃபேஸ்புக் விளம்பரம் என்று நாலைந்து கணக்குகள் இருக்கும்.

“நம்ம கடை ரொம்பச் சின்னது, இதை யார் வந்து திருடப்போறா?” என்று பலர் கேட்பதுண்டு. திருடுபவருக்கு உங்கள் முறுக்கு வேண்டாம். உங்கள் பெயரைப் பார்த்தவுடன் பணம் அனுப்பும் சில நூறு பேர்தான் வேண்டும். ஃபேஸ்புக் விளம்பரக் கணக்கில் உங்கள் கடன்பற்று அட்டை இணைக்கப்பட்டிருந்தால் இன்னும் வசதி. அவர்களுடைய போலி விளம்பரங்களுக்கு நீங்கள் கட்டணம் செலுத்துவீர்கள்.

எப்படி உள்ளே வருகிறார்கள்?

பூட்டை உடைத்து வருபவர்கள் குறைவு. பெரும்பாலும் சாவியோடுதான் வருகிறார்கள்.

ஒரு வழி, பழைய சாவி. 2012இல் லிங்க்ட்இன், 2013இல் அடோபி ஆகிய நிறுவனங்களிலிருந்து பல மில்லியன் பயனீட்டாளர்களின் விவரங்கள் கசிந்தன. அதற்குப் பிறகும் எத்தனையோ கசிவுகள். அப்படிக் கசிந்த மின்னஞ்சல் முகவரியையும் மறைச்சொல்லையும், அதாவது பாஸ்வர்டையும், கணினி நிரல்கள் மற்ற தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்க்கும். பத்து ஆண்டுக்கு முன்பு ஏதோ ஒரு இணையக் கடையில் பயன்படுத்திய அதே பாஸ்வர்டை இன்று உங்கள் கடையின் மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால், திருடர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற இணையத்தளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைத் தட்டினால், அது எந்தெந்தக் கசிவுகளில் சிக்கியது என்று தெரிந்துகொள்ளலாம். இதை எழுதும்போது என் பழைய முகவரியைப் போட்டுப் பார்த்தேன். சந்தோஷப்படும்படி இல்லை.

இன்னொரு வழி, போலிப் பக்கம். “உங்கள் ஃபேஸ்புக் பக்கம் காப்புரிமை விதிகளை மீறியுள்ளது. 24 மணி நேரத்தில் நிரந்தரமாக நீக்கப்படும். மேல்முறையீடு செய்ய இங்கே அழுத்துங்கள்.” வியாபாரப் பக்கம் நடத்தும் பலருக்கு இது அறிமுகமான செய்திதான். நிறுவனத்தின் சின்னம், நீல நிறம், அவசரம், எல்லாம் இருக்கும். அழுத்தினால் வரும் பக்கமும் அசலைப் போலவே இருக்கும். அங்கே நீங்கள் தட்டும் பாஸ்வர்ட் நேராக மோசடிக்காரரிடம் போகும்.

வாட்ஸ்அப்பைக் கணினியில் பயன்படுத்துவோருக்கு ஒரு தனிக் குழி உண்டு. இணையத்தில் ‘வாட்ஸ்அப் வெப்’ என்று தேடி, வரும் முதல் முடிவை அழுத்தினால் அது போலித் தளமாக இருக்கலாம். அதில் காட்டப்படும் கியூஆர் குறியீட்டை வருடினால் மோசடிக்காரரின் கணினி உங்கள் கணக்கோடு இணைந்துவிடும். உங்கள் தொலைபேசியில் எல்லாம் வழக்கம்போல் வேலை செய்வதால் சந்தேகமே வராது. காவல்துறை இதைப் பற்றி 2023ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது.

பிறகு, செயலி. மலிவு விலையில் கடல் உணவு, வீடு சுத்தம் செய்யும் சேவை என்று விளம்பரம் பார்த்துத் தொடர்புகொண்டவர்களிடம் “எங்க செயலியை இந்த இணைப்புல இறக்கிக்குங்க” என்று சொல்லி, ஆண்ட்ராய்ட் தொலைபேசிகளில் தீய நிரலைப் புகுத்திய மோசடிகள் 2023இல் இங்கே பெரிய அளவில் நடந்தன. அதிகாரபூர்வச் செயலிக் கடைக்கு வெளியிலிருந்து எதையும் இறக்காதீர்கள். இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

பாஸ்வர்ட்: சிக்கலாக இருப்பதைவிட நீளமாக இருப்பது நல்லது

ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறியீடு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் – அலுவலகத்தில் வேலை பார்த்த எல்லாருக்கும் இந்த விதி தெரியும். இதை உலகம் முழுதும் பரப்பியது, அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டி. அதை எழுதிய பில் பர், 2017இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், தாம் அப்போது சொன்னவற்றில் பலவற்றுக்காக இப்போது வருந்துவதாகச் சொன்னார். அதே ஆண்டு அந்தக் கழகமும் தன் வழிகாட்டியைத் திருத்தியது. காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம், எழுத்தும் குறியீடும் கலக்கக் கட்டாயப்படுத்த வேண்டாம், நீளத்துக்கு இடம் கொடுங்கள் என்றது.

ஏன்? மாற்றச் சொன்னால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது நமக்கே தெரியும். கடைப்பெயரோடு 1 சேர்ப்போம். மூன்று மாதம் கழித்து 2. கடைசியில் ஓர் ஆச்சரியக்குறி. மோசடிக்காரர்களின் நிரல்கள் முதலில் முயல்வதே இந்த மாற்றங்களைத்தான்.

நீளம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. எந்த ஒழுங்கும் இல்லாமல் தேர்ந்தெடுத்த 8 சிறிய ஆங்கில எழுத்துகளுக்குச் சுமார் 209 பில்லியன் சேர்க்கைகள் உண்டு. கேட்க நிறைய இருப்பதுபோல் தெரியும். ஆனால் கசிந்த தரவைக் கையில் வைத்துக்கொண்டு முயலும் கணினிக்கு அது பெரிய எண் அல்ல. அதையே 16 எழுத்துகளாக்கினால் வேலை இரண்டு மடங்காக ஆவதில்லை. மேலும் 209 பில்லியன் மடங்காகப் பெருகுகிறது.

நீளமாகவும் வேண்டும், நினைவிலும் நிற்க வேண்டும் என்பதால்தான் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு சொற்றொடர் வைக்கச் சொல்கிறது: உங்களுக்கு மட்டுமே உரிய ஒரு நினைவிலிருந்து ஐந்து சொற்கள். நமக்கு இதில் ஒரு சின்ன வசதி உண்டு. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதலாம். “பாட்டி வீட்டு மாடியில் பூனை தூங்கியது” என்பதுபோல. இதையே வைக்காதீர்கள், இது இப்போது எல்லாரும் பார்க்கும் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: ‘மழை’ என்பதை ஆங்கிலத்தில் எந்த எழுத்தில் எழுதினோம், ‘ழ’வுக்கு எதைப் போட்டோம் என்று பிறகு நாமே திண்டாடுவோம். அந்த எழுத்துகள் வராத சொற்களாகப் பார்த்துக்கொள்ளுங்கள். திரைப்பட வசனம், பாட்டு வரி, பழமொழி, திருக்குறள் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தது இன்னொருவருக்கும் தெரியும்.

கடையின் தொலைபேசி எண்ணையும் யுஇஎன் எனப்படும் நிறுவனப் பதிவு எண்ணையும் பாஸ்வர்டாக வைப்பது கதவில் சாவியைத் தொங்கவிடுவதுபோல. இரண்டுமே உங்கள் பில்லில் அச்சாகியிருக்கும். அடையாள அட்டை எண்ணும் அப்படித்தான். 2024 டிசம்பரில் அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் அடையாள அட்டை எண்கள் முழுமையாகத் தெரிந்தது பெரும் சர்ச்சையானது. அதன்பின், அந்த எண் ஒருவரை அடையாளம் சொல்ல மட்டுமே, அவர்தான் என்று நிரூபிக்க அல்ல என்பதை அரசாங்கம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதைப் பாஸ்வர்டாகப் பயன்படுத்துவதை நிறுவனங்கள் நிறுத்த வேண்டும் என்று 2025 ஜூனில் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து ஆலோசனைக் குறிப்பும் வெளியிட்டன. வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் ரசீதுக் கோப்புகளுக்கு அடையாள எண்ணையே பூட்டாகப் போடும் சிறு நிறுவனங்கள் கவனிக்க.

எல்லாக் கணக்குக்கும் தனித்தனிச் சொற்றொடர் யாருக்கு நினைவிருக்கும்? யாருக்கும் இருக்காது. அதற்குத்தான் பாஸ்வர்ட் நிர்வாகச் செயலிகள். ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டிலும் கூடவே வருபவை சிறு கடைக்குப் போதும். அதற்கு ஒரு கூடுதல் நன்மையும் உண்டு. தளத்தின் முகவரி ஓர் எழுத்து மாறியிருந்தாலும் செயலி பாஸ்வர்டைத் தானாக நிரப்பாது. உங்கள் கண் ஏமாறும் இடத்தில் அது ஏமாறாது. செயலி பிடிக்காதவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வீட்டு அலமாரியில் பூட்டி வைக்கலாம். பலர் சிரிப்பார்கள். இணையத்தில் வரும் திருடர் உங்கள் அலமாரியைத் திறக்க முடியாது. கடைக் கணினித் திரையில் ஒட்டிய மஞ்சள் தாளுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

எந்தக் கணக்கில் தொடங்குவது? மின்னஞ்சலில். மற்ற எல்லாக் கணக்குகளிலும் “பாஸ்வர்ட் மறந்துவிட்டேன்” என்று அழுத்தினால் இணைப்பு வந்து சேரும் இடம் அதுதான்.

இரண்டாவது பூட்டு

பாஸ்வர்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் போலிப் பக்கத்தில் நீங்களே தட்டிவிட்டால் போயிற்று. அதனால்தான் இரட்டைச் சரிபார்ப்பு. திரையில் ‘டூ-ஃபேக்டர் ஆத்தென்டிகேஷன்’ அல்லது ‘டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ என்று இருக்கும். உங்களுக்குத் தெரிந்த ஒன்று, உங்கள் கையில் இருக்கும் ஒன்று, இரண்டும் இருந்தால்தான் கதவு திறக்கும்.

எல்லா இரண்டாவது பூட்டும் ஒரே பலம் கொண்டவை அல்ல. கூகல் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றின்படி, குறுஞ்செய்தியில் வரும் எண், தானியங்கி நிரல்களின் முயற்சிகளை முழுமையாகவும், பரவலாக அனுப்பப்படும் தூண்டில் மோசடிகளில் 96 விழுக்காட்டையும் தடுத்தது. குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்த தாக்குதல்களில் அது 76 விழுக்காட்டுக்கு இறங்கியது. தொலைபேசித் திரையில் “நீங்கள்தானா?” என்று கேட்கும் முறைக்கு அந்த எண்கள் 99, 90. எனவே குறுஞ்செய்தி முறை வேண்டவே வேண்டாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். எதுவும் இல்லாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் அதோடு நின்றுவிடவும் வேண்டாம்.

குறுஞ்செய்தியின் பலவீனத்தைச் சிங்கப்பூர் நேரில் பார்த்திருக்கிறது. 2021 இறுதியில் ஓசிபிசி வங்கியின் பெயரில் வந்த போலிக் குறுஞ்செய்திகளால் 790 வாடிக்கையாளர்கள் மொத்தம் 13.7 மில்லியன் வெள்ளியை இழந்தார்கள். வங்கியின் உண்மையான செய்திகள் வரும் அதே வரிசையில் போலியும் வந்து உட்கார்ந்ததுதான் கொடுமை. வாடிக்கையாளர் போலித் தளத்தில் பாஸ்வர்டைத் தட்டும்போது, மறுபக்கத்தில் மோசடிக்காரர் அதை அசல் தளத்தில் தட்டுகிறார். அசல் தளம் வாடிக்கையாளருக்கு எண் அனுப்புகிறது. அதையும் அவர் போலித் தளத்தில் தட்டுகிறார். எண் சரியானது, நேரமும் சரியானது, போய்ச் சேர்ந்த கைதான் தவறு.

அதன்பின் மாற்றங்கள் வந்தன. வங்கிகள் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதை நிறுத்தின. 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத அனுப்புநர் பெயர்களில் வரும் செய்திகள் மோசடியாக இருக்கலாம் என்ற அடையாளத்துடன் வருகின்றன. 2024 ஜூலையில், மின்னிலக்கக் குறியீட்டுச் செயலியை முடுக்கிவிட்ட வாடிக்கையாளர்களுக்கு வங்கிக் கணக்கில் நுழைய ஒருமுறை எண் அனுப்புவதைப் பெரிய வங்கிகள் படிப்படியாகக் கைவிடும் என்று சிங்கப்பூர் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்தன.

வங்கி மாறிவிட்டது. உங்கள் இன்ஸ்டகிராம்? பெரும்பாலும் இன்னும் குறுஞ்செய்தியில்தான் இருக்கும். அமைப்புகளுக்குள் போனால் சரிபார்ப்புச் செயலிக்கு மாறலாம். கூகல், மைக்ரோசாஃப்ட் இரண்டும் இலவசமாகத் தருகின்றன. எண் உங்கள் தொலைபேசிக்குள்ளேயே உருவாகி, வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை மாறும். கட்டமைப்பு வழியாக வருவதில்லை என்பதால் உங்கள் சிம் எண்ணை வேறு அட்டைக்கு மாற்றிக்கொள்ளும் தந்திரம் இதில் பலிக்காது. போலிப் பக்கத்தில் நீங்களே தட்டினால் மட்டும் இதுவும் கைவிட்டுவிடும்.

அந்தக் கடைசி ஓட்டையையும் அடைப்பது ‘பாஸ்கீ’. ஆப்பிள், கூகல், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022இல் இதற்கு ஒன்றாக ஆதரவு தெரிவித்தன. கைரேகை அல்லது முகத்தைக் காட்டி நுழைகிறீர்கள், தட்டுவதற்கு எதுவும் இல்லை. உங்கள் தொலைபேசியில் இருக்கும் ரகசியக் குறியீடு ஒரு குறிப்பிட்ட தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டிருக்கும். போலித் தளம் கேட்டால் அது பதிலே சொல்லாது. யாராவது தொலைபேசியில் அழைத்து “கோட் சொல்லுங்க” என்று கெஞ்சினாலும், சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது. உங்கள் கணக்கில் இந்த வசதி தெரிந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

“நீங்கள்தானா?” என்ற கேள்விக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எங்கும் நுழைய முயலாதபோது அந்தக் கேள்வி வந்தால், உங்கள் பாஸ்வர்ட் ஏற்கெனவே இன்னொருவர் கையில் என்று பொருள். தொல்லை தாங்காமல் ‘ஆம்’ அழுத்துவார்கள் என்று திரும்பத் திரும்ப அனுப்புவது ஒரு முறை. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் ஊடுருவியது அப்படித்தான். ஒப்பந்த ஊழியர் ஒருவர் கடைசியில் ஏற்றுக்கொண்டார். ‘இல்லை’ அழுத்திவிட்டு உடனே பாஸ்வர்டை மாற்றுங்கள்.

கடையில் நாலு பேர் இருந்தால்?

சிறு வியாபாரங்களின் உண்மையான பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. மேலே சொன்ன எல்லாம் ஒரு ஆள், ஒரு தொலைபேசி என்ற கணக்கில் சொல்லப்படுபவை. கடை அப்படியா நடக்கிறது? ஃபேஸ்புக் பக்கத்தைத் தங்கை பார்ப்பார். ஆர்டர் செயலியைக் கடைப் பையன் பார்ப்பார். கணக்கு வழக்கு வெளியே ஒருவரிடம். பாஸ்வர்ட் ஒன்றுதான், அது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கிடக்கும். இரட்டைச் சரிபார்ப்பு எண் மட்டும் முதலாளி தொலைபேசிக்கு வரும்.

அதனால் நாளுக்கு நாலு தடவை ஒரு உரையாடல்: “அண்ணே, கோட் வந்துச்சா?” “வந்துச்சு, 4, 7, 1...”

பூட்டு இருக்கிறது. ஆனால் கேட்டவுடன் சாவி கொடுக்கும் பழக்கமும் ஆகிவிட்டது. தெரிந்த பெயரிலிருந்து கோட் கேட்டு செய்தி வந்தால், அந்த முதலாளிக்கு அது வழக்கமான வேலை நாள். “கோட்டை யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று ஆயிரம் சுவரொட்டி ஒட்டினாலும் அவர் சொல்லாமல் கடை நடத்த முடியாது. யாரும் யாரிடமும் கோட் கேட்கத் தேவையில்லாதபடி கடையை மாற்றி அமைப்பதுதான் வழி. அப்படிச் செய்துவிட்டால், கோட் கேட்டு எந்தச் செய்தி வந்தாலும் அது மோசடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பெரும்பாலான தளங்களில் இதற்கு வசதி ஏற்கெனவே இருக்கிறது, செலவும் இல்லை. ஃபேஸ்புக் பக்கத்தில் ஒவ்வொருவரையும் அவரவர் சொந்தக் கணக்கின் மூலம் சேர்க்கலாம். பதிவு போட மட்டும் ஒருவர், விளம்பரம் பார்க்க மட்டும் ஒருவர் என்று பிரிக்கலாம். முழு அதிகாரம் இரண்டு பேருக்கு இருக்கட்டும். ஒருவருடைய கணக்கு போனாலும் இன்னொருவர் மீட்க முடியும். ஒருவர் மட்டும் என்றால் அவர் தொலைபேசி தொலைந்த நாளில் கடையும் தொலைந்தது. ஐந்து பேருக்கு என்றால் ஐந்து கதவு திறந்திருக்கிறது. கூகல் வரைபடத்தில் உள்ள கடைப் பக்கத்துக்கும் உரிமையாளர், நிர்வாகி என்று தனித்தனியாகச் சேர்க்கலாம். வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் நான்கு சாதனங்கள்வரை இலவசமாக இணைக்கலாம். ‘லிங்க்ட் டிவைசஸ்’ பக்கத்தை வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். தெரியாத கணினி ஒன்று அங்கே இருந்தால் உடனே வெளியேற்றுங்கள். நிறுவன வங்கிக் கணக்கில், ஒருவர் பணப் பரிமாற்றத்தைத் தயார் செய்ய இன்னொருவர் ஒப்புதல் தரும் ஏற்பாட்டைக் கேளுங்கள்.

சிங்பாஸ் விஷயம் இன்னும் கூர்மையானது. 2021 ஏப்ரல் முதல் கோர்ப்பாஸ் வழி செய்யும் நிறுவன வேலைகளுக்கும் நம் சொந்த சிங்பாஸ் கொண்டுதான் நுழைகிறோம். “வரித் தாக்கலை முடிச்சிடுங்க” என்று கணக்காளரிடம் தொலைபேசியையும் சிங்பாஸ் எண்ணையும் கொடுப்பது, கடைச் சாவியோடு வீட்டுச் சாவியையும் மத்திய சேமநிதிச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பதாகும். அவர் நல்லவராகவே இருக்கலாம், அவருடைய கணினி எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. கோர்ப்பாஸ் தளத்திலேயே ஊழியருக்கோ வெளிக் கணக்கு நிறுவனத்துக்கோ குறிப்பிட்ட சேவைகளுக்கு மட்டும் அனுமதி தரலாம். அவர்கள் தங்கள் சிங்பாஸில் நுழைவார்கள்.

ஊழியர் வேலையை விட்டுப் போகும் நாளில் கடைச் சாவியையும் சட்டையையும் திரும்ப வாங்குகிறோம். அன்றே கணக்குகளிலிருந்தும் பெயரை எடுத்துவிடுங்கள். கோபத்தோடு போகிறவர்களுக்காக மட்டும் சொல்லவில்லை. மறந்துபோன கணக்கின் பாஸ்வர்டை யாரும் கவனிப்பதில்லை, அது கசிந்தாலும் தெரியாது.

புதுத் தொலைபேசி வாங்கும் முன்

பாதுகாப்பை முடுக்கிவிட்டுத் தாமே வெளியே மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. நானும் ஒருத்தி. பழைய தொலைபேசியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபிறகுதான் சரிபார்ப்புச் செயலி அதில் இருந்தது நினைவுக்கு வந்தது. ஒரு கணக்கை மீட்க இரண்டு வாரம் ஆனது. கடைக் கணக்காக இருந்திருந்தால்?

இரட்டைச் சரிபார்ப்பை முடுக்கும்போது பல தளங்கள் ‘பேக்கப் கோட்’ என்று சில எண்களைத் தரும். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் வேலை செய்யும். அதைத் தாளில் எழுதியோ அச்சிட்டோ பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதே தொலைபேசியில் படமாக எடுத்து வைத்தால் தொலைபேசியோடு அதுவும் போகும். புதுத் தொலைபேசிக்கு மாறும்போது, பழையது கையில் இருக்கும்போதே சரிபார்ப்புச் செயலியை மாற்றி, ஒவ்வொரு கணக்கிலும் நுழைந்து பார்த்துவிட்டுத்தான் பழையதை விற்க வேண்டும். கடைக் கணக்கில் பதிவான எண், எப்போதோ கைவிட்ட ப்ரீபெய்ட் எண்ணாக இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போய்விட்டால் முதல் ஒரு மணி நேரம்

வெட்கப்படவும் வருத்தப்படவும் பிறகு நேரம் கிடைக்கும்.

பணம் போயிருந்தாலோ வங்கி விவரங்கள் தெரிந்திருக்கலாம் என்று தோன்றினாலோ முதல் அழைப்பு வங்கிக்கு. கணக்கை உடனடியாக முடக்கும் அவசர வசதி இங்குள்ள பெரிய வங்கிகளில் இருக்கிறது. அந்த எண்ணைத் தேடிக்கொண்டிருக்காமல் இப்போதே தொலைபேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். மோசடியா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால் 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்ட் உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. பிறகு காவல்துறையில் புகார்.

வாட்ஸ்அப் போயிருந்தால், உங்கள் தொலைபேசியில் அதே எண்ணை மறுபடியும் பதிவு செய்யுங்கள். குறுஞ்செய்தியில் வரும 6 இலக்க எண்ணைத் தட்டியதும் திருடர் வெளியேற்றப்படுவார். அவர் அதற்குள் இரண்டாவது ரகசிய எண் ஒன்றை வைத்திருந்தால், அது தெரியாமல் உங்களால் உள்ளே போக முடியாது. 7 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த 7 நாளும் அவராலும் பயன்படுத்த முடியாது. இந்தத் தலைவலி வராமலிருக்க அந்த இரண்டாவது எண்ணை முதலில் நீங்களே வைத்துவிடுங்கள். அமைப்புகள், கணக்கு, ‘டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ – இரண்டு நிமிட வேலை. இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் வரும் அண்ணன் இதை வைத்திருந்தால், கோட்டை அனுப்பிய பிறகும் கணக்கு அவரிடமே இருந்திருக்கும்.

இன்ஸ்டகிராமில் யாராவது மின்னஞ்சல் முகவரியை மாற்றினால், பழைய முகவரிக்கு ஓர் அறிவிப்பு வரும். அந்த மாற்றத்தை ரத்து செய்யும் வழி அதிலேயே இருக்கும். அந்த மின்னஞ்சல் பெட்டி உங்கள் கையில் இருந்தால் மட்டுமே இது உதவும்.

உள்ளே திரும்பியதும் பாஸ்வர்டை மாற்றுங்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள், நிர்வாகிகள் பட்டியலில் புதுப் பெயர் இருக்கிறதா, விளம்பரக் கணக்கில் புது விளம்பரம் ஓடுகிறதா, பதிவுகளிலும் முகப்பிலும் பேநவ் எண் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட விவரங்கள் வெளியே போயிருந்தால் அது சட்டப் பொறுப்பும்கூட. 500 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பாதிக்கப்பட்டிருந்தால், அல்லது அவர்களுக்குப் பெரிய பாதிப்பு ஏற்படக்கூடும் என்றால், அப்படி முடிவுசெய்த 3 நாள்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் நடுவில், வாடிக்கையாளர்களுக்குச் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். கணக்கு திரும்பக் கிடைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் பணம் போகிறது. வேறு தளம், சொந்த எண், கடை வாசலில் ஒரு அட்டை, எது இருக்கிறதோ அதில் போடுங்கள்: “எங்கள் வாட்ஸ்அப் எங்களிடம் இல்லை. பேநவ் எண் மாறவில்லை. பணம் அனுப்பும் முன் கடைக்கு அழைத்துக் கேளுங்கள்.”